கையில் வைத்த கருத்தடைக் குச்சியைக் கவனிப்பது எப்படி: மலையகப் பெண்களுக்கான வழிகாட்டி

கருத்தடை இம்ப்ளான்ட்டை, அதாவது கர்ப்பம் தரிக்காமல் இருக்க மேல்கைத் தோலுக்குக் கீழே வைக்கும் குச்சியை, செருகுவது சில நிமிட வேலைதான். அதன் பிறகு வரும் மூன்று அல்லது ஐந்து வருடங்களில் எதைக் கவனிப்பது, எதற்குப் பயப்படுவது, எதற்குப் பயப்படாமல் இருப்பது, காலம் முடிந்ததும் யாரிடம் போவது என்பதையெல்லாம் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. என் தங்கையின் குச்சிகளுக்குக் காலம் முடிந்தபோது, செருகிய இடத்தில் எடுக்கத் தெரிந்த வைத்தியர் மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். அடுத்த இடத்தில் கடிதம் கேட்டார்கள். இன்னோர் இடத்தில் அன்று கிளினிக் நாள் இல்லை என்றார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பேர் (அன்றைய கூலி) போனது, பஸ் காசும் போனது. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டவற்றையும், பின்னர் நம் குடும்பங்களைப் பதிவில் வைத்துக் கவனிக்கும் மருத்துவ மாதுவிடமும் வைத்தியர்களிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டவற்றையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இது வைத்திய ஆலோசனைக்குப் பதில் ஆகாது. வைத்தியரிடம் எப்போது, எதைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதற்கான வழிகாட்டி மட்டுமே.

1. அட்டையை வாங்காமல் கிளினிக்கை விட்டு வெளியே வராதீர்கள்

இம்ப்ளான்ட் செருகிய அன்றே உங்களுக்கு ஓர் அட்டை தரப்பட வேண்டும். அதில் குச்சியின் பெயர், எத்தனை குச்சிகள், எந்தக் கை, செருகிய திகதி, எடுக்க வேண்டிய திகதி, செருகிய இடம் ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். ஏதாவது ஓர் இடம் வெறுமையாக இருந்தால் அங்கேயே, அப்போதே நிரப்பித் தரச் சொல்லுங்கள். மூன்று வருடம் கழித்து அதே கிளினிக்கில் அதே ஆட்கள் இருப்பார்கள் என்று நம்பி வந்துவிடாதீர்கள்.

இங்கே பலர் தவறும் ஓர் இடம் உண்டு. "எனக்கு இரண்டு குச்சி, அதனால் ஐந்து வருடம்" என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பேசிக்கொள்கிறார்கள். ஜடெல் என்பது இரண்டு குச்சிகள், ஐந்து வருடம். இம்ப்ளனோன் என்பது ஒரே குச்சி, மூன்று வருடம். ஆனால் லெவோபிளான்ட் என்ற வகையிலும் இரண்டு குச்சிகளே இருக்கின்றன, அதற்குக் குறிக்கப்பட்ட காலமோ மூன்று வருடம். எனவே குச்சிகளின் எண்ணிக்கையை வைத்து வருடத்தைக் கணக்கிடக் கூடாது. பக்கத்து வீட்டு அக்காவின் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் அட்டையிலுள்ள பெயரும் திகதியும்தான் கணக்கு. ஜடெல் வைத்துக்கொண்டவரின் எடை 80 கிலோவோ அதற்கு மேலோ இருந்தால், நான்கு வருடங்களுக்குப் பிறகு அதன் பலன் குறையக்கூடும் என்பதால், மாற்றும் திகதியை முன்கூட்டியே வைத்தியரிடம் பேசிக்கொள்வது நல்லது.

எழுந்து வருவதற்கு முன்னர் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். "குச்சி எங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்டுவீர்களா?" என்பது முதலாவது. மேல்கையின் உட்புறத் தோலுக்குக் கீழே அதை நீங்களே விரலால் தடவி உணர முடிய வேண்டும். உணர முடியவில்லை என்றால் அன்றே சொல்லிவிடுங்கள். "இதை எடுக்க நான் எங்கே வர வேண்டும், யார் எடுப்பார்கள்?" என்பது இரண்டாவது. என்னைக் கேட்டால், முதல் நாளில் கேட்க வேண்டிய மிக முக்கியமான கேள்வி இதுதான். செருகப் பயிற்சி பெற்ற எல்லோரும் எடுப்பதில் கைதேர்ந்தவர்களாக இருப்பதில்லை.

அட்டையிலுள்ள பெயர் தேசிய அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், கலியாணத்துக்குப் பிறகு வேறொரு தலைப்பெழுத்து என்று நம்மவர்களில் பலருக்கு உண்டு. அதனால்தான் பின்னர் ஏட்டில் தேடும்போது பெயர் அகப்படுவதில்லை. அட்டையின் இரு பக்கங்களையும் தொலைபேசியில் படம் எடுத்து, கணவரின் அல்லது சகோதரியின் தொலைபேசிக்கும் அனுப்பி வையுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது, மண்சரிவில் வீட்டோடு சேர்த்து எல்லாக் கடதாசிகளையும் இழந்தவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள்.

2. முதல் வாரம்: காயத்தை நனைக்காதீர்கள்

வழமையாக, அதிகம் வேலை செய்யாத கையில்தான் குச்சியைச் செருகுவார்கள். நீங்கள் இடது கைப் பழக்கம் உள்ளவர் என்றால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இடது கையிலேயே வைத்துவிடுவார்கள். மேலே சுற்றிய பெரிய கட்டை இரண்டு நாட்களுக்கு அவிழ்க்க வேண்டாம். அதன் பிறகும் உள்ளே ஒட்டிய சிறிய பிளாஸ்டரை, காயம் ஆறும் வரை, அதாவது மூன்று முதல் ஐந்து நாட்கள் வரை, அப்படியே விட்டு ஈரம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மழைக் காலத்தில் மலையில் நிற்பவருக்கு இது எளிதான காரியம் அல்ல. இடுப்பில் கட்டும் படங்கு அதற்குக் கீழேதான் காக்கும், மேல்கை நனைந்துவிடும். முடிந்தால் இரண்டு மூன்று நாட்கள் லீவு கிடைக்கும் சமயமாகப் பார்த்துக் குச்சியை வைத்துக்கொள்ளுங்கள். முடியாதவர்கள், கையை இறுக்காதபடி பொலித்தீன் சுற்றிக்கொண்டு போய், வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்துவிடுங்கள். உள்ளே வியர்வை தேங்கினால் அதுவும் ஈரம்தான். விறகுக் கட்டு, தண்ணீர்க் குடம், கொழுந்துச் சாக்கு போன்ற பாரங்களை அந்தக் கையால் சில நாட்கள் தூக்க வேண்டாம்.

கை கன்றிப்போய் நீலமாவதும், இலேசான வீக்கமும் நோவும் சில நாட்களுக்கு இருப்பதும் வழக்கம். பெனடோல் (பரசிட்டமோல்) போதும். மஞ்சள், எண்ணெய், பச்சிலை எதையும் காயத்தில் வைக்காதீர்கள். நாட்கள் போகப் போக நோவு குறையாமல் கூடினாலும், அந்த இடம் சிவந்து சூடானாலும், சீழ் வந்தாலும், குச்சியின் நுனி வெளியே தெரிந்தாலும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெளியே வந்த குச்சியை நீங்களே உள்ளே தள்ளவோ இழுக்கவோ கூடாது. முழுக்குச்சியும் விழுந்துவிட்டால் அதை ஒரு சுத்தமான கடதாசியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். அன்றிலிருந்து ஆணுறை போன்ற வேறு பாதுகாப்புத் தேவை.

குச்சி எந்த நாளிலிருந்து பலன் தரும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாதவிடாயின் முதல் சில நாட்களுக்குள் வைக்கப்பட்டால் உடனேயே பாதுகாப்பு உண்டு. வேறு நாட்களில் வைக்கப்பட்டால் பொதுவாக ஏழு நாட்களுக்கு மேலதிகப் பாதுகாப்புச் சொல்வார்கள்.

3. இரத்தப்போக்கு மாறும்: அதை எழுதி வையுங்கள்

குச்சியை வேண்டாம் என்று எடுத்துவிடும் பெண்களில் பலர் அதற்குக் காரணமாகச் சொல்வது இரத்தப்போக்கு மாறுவதைத்தான். குச்சியிலிருந்து சிறிது சிறிதாக வெளியாகும் ஹோர்மோன் கருப்பையின் உட்சுவரை மெலிதாக்குவதால், மாதவிடாய் பழைய ஒழுங்கில் வராது. சிலருக்கு இடையிடையே துளித்துளியாகப் படும். சிலருக்கு எட்டு நாட்களுக்கு மேல் நீளும். சிலருக்கு மாதக் கணக்கில் வராமலே இருக்கும். முதல் சில மாதங்களில் இந்தக் குழப்பம் அதிகம், ஒரு வருடம் அளவில் பெரும்பாலும் தணிந்துவிடும். தலைவலி, முகப்பரு, மார்பு நோவு, எடை கூடுதல், மனநிலை மாறுதல் ஆகியவையும் சிலருக்கு வரலாம்.

மாதவிடாய் வராவிட்டால் "கெட்ட இரத்தம் உள்ளே தேங்கி நிற்கிறது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படி எதுவும் தேங்குவதில்லை. உட்சுவர் வளராததால் வெளியேற வேண்டியதும் அங்கே இல்லை. ஆனால் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது திடீரென்று நின்று, அதனுடன் குமட்டலோ வேறு கர்ப்பக் குறிகளோ தெரிந்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இந்த முறையில் கர்ப்பம் தரிப்பது மிக அரிது, முதல் வருடத்தில் ஆயிரம் பெண்களில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான். இருந்தாலும் சந்தேகத்தை வைத்துக்கொண்டிருப்பதை விடப் பார்த்துவிடுவது மேல்.

ஒரு சிறிய நாட்காட்டியில், இரத்தம் பட்ட நாட்களுக்குச் சிறு புள்ளியும், அதிகமாகப் போன நாட்களுக்குப் பெரிய புள்ளியும் வையுங்கள். "நிறையப் போகுது டொக்டர்" என்று மட்டும் சொன்னால், வரிசை நீண்டிருக்கும் கிளினிக்கில் "அது அப்படித்தான்" என்ற பதிலோடு அனுப்பிவிடக்கூடும். மூன்று மாதப் புள்ளிகளை முன்னால் வைத்தால் பேச்சு மாறும். வைத்தியரோடு மொழி ஒத்துப்போகாத இடத்திலும் நாட்காட்டியும் எண்களும் எல்லோருக்கும் புரியும். போக்கு நீளும்போது சில நாட்களுக்கு நோவு மாத்திரையோ, சில வாரங்களுக்குக் கருத்தடை மாத்திரையோ கொடுத்து அதைக் கட்டுப்படுத்த வைத்தியர்களிடம் வழி இருக்கிறது. அதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். மருந்துக் கடையில் "இரத்தம் நிற்கும் மாத்திரை" என்று கேட்டு வாங்கி விழுங்காதீர்கள்.

அதிக நாட்கள் போனால் இரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால், அதைப் பிளேன்டீயோடு (பால் சேர்க்காத தேநீரோடு) விழுங்குவதில் பயன் குறைவு. தேயிலை இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். தேத்தண்ணிக்கும் மாத்திரைக்கும் இடையில் ஒன்றிரண்டு மணி நேரமாவது விடுங்கள். தேயிலையோடே வாழும் நமக்கு இதைப் பின்பற்றுவது கொஞ்சம் கஷ்டம்தான்.

4. கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

அடிவயிற்றில், குறிப்பாக ஒரு பக்கத்தில், தாங்க முடியாத நோவும் தலைச்சுற்றலும் வந்தால் அது கருப்பைக்கு வெளியே தரித்த கர்ப்பமாக இருக்கலாம். மிக அரிதானது என்றாலும் உயிருக்கு ஆபத்தானது. துணிகள் அடுத்தடுத்து நனையும் அளவுக்கு இரத்தம் போதல், கண் முன்னால் மின்னல் கீற்றுப்போல் தெரிந்து வரும் கடுமையான தலைவலி, கண்ணும் தோலும் மஞ்சளாதல், மூச்சுத் திணறல் அல்லது நெஞ்சு நோவு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும் ஆகியவற்றுக்கும் உடனே வைத்திய உதவி தேவை. மார்பில் கட்டி தட்டுப்பட்டால் அவசர வண்டி தேவையில்லை. ஆனால் அடுத்த கிளினிக்கைத் தவறவிடாதீர்கள்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பிரதான வீதியிலிருந்து உள்ளே இருக்கும் தோட்டப் பிரிவு என்றால், வண்டி வரக்கூடிய இடம் வரை நோயாளியைக் கொண்டுவர ஆட்களை ஒழுங்கு செய்துவிட்டு, அந்த இடத்தின் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது, மேல் பிரிவா கீழ்ப் பிரிவா என்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் சொல்லும் முதல் வாக்கியத்திலேயே கையில் இம்ப்ளான்ட் இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

5. வேறு மருந்து தொடங்கும்போது

காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின், பெனிடோயின், பினோபார்பிடோன் ஆகியவை குச்சியின் பலனைக் குறைத்துவிடும். காசநோய்ச் சிகிச்சை மாதக் கணக்கில் நீள்வது. அந்தக் காலம் முழுவதும் வேறு பாதுகாப்பும் தேவைப்படும். மார்பு நோய்க் கிளினிக்கில் இருப்பவருக்கு உங்கள் கையில் குச்சி இருப்பது தெரியாது, குடும்பத் திட்டக் கிளினிக்கில் இருப்பவருக்கு நீங்கள் காசநோய் மாத்திரை எடுப்பது தெரியாது. இரண்டு பக்கமும் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். மருந்தை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. பாலுறவால் பரவும் நோய்களைக் குச்சி தடுக்காது, அதற்கு ஆணுறை தேவை.

6. நாள், செலவு, கையில் கொண்டு போக வேண்டியவை

அரச கிளினிக்கில் குச்சி செருகுவதற்கும், பரிசோதிப்பதற்கும், எடுப்பதற்கும் கட்டணம் இல்லை. யாராவது காசு கேட்டால் எதற்கு என்று கேட்டு, பற்றுச்சீட்டுத் தரச் சொல்லுங்கள். தனியார் நிலையங்களில் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். வைத்தியரின் கட்டணம், மருந்து, ஸ்கேன் எல்லாம் சேர்ந்து எவ்வளவு என்று போவதற்கு முன்னரே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். உண்மையான செலவு பஸ், முச்சக்கர வண்டி, அன்றைய பேர் ஆகிய மூன்றும்தான். அதனால் ஒரு பயணத்தில் இரண்டு வேலைகளை முடிக்கப் பாருங்கள். உங்களுக்கு வயது 35 அல்லது 45 என்றால், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்யும் சுவநாரி கிளினிக் எந்த நாள் என்று மருத்துவ மாதுவிடம் கேட்டு, முடிந்தால் அதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் நாளும் அப்படிப் பயன்படும்.

குடும்பத் திட்டக் கிளினிக் எல்லா நாட்களிலும் நடப்பதில்லை. எந்தக் கிழமை, எத்தனை மணி வரை, குச்சி எடுக்கும் வைத்தியர் அன்று வருவாரா என்ற மூன்றையும் முதல் நாளே தொலைபேசியில் கேட்காமல் புறப்படாதீர்கள். போயா (பௌர்ணமி) தினத்திலும் மற்ற அரச விடுமுறை நாட்களிலும் கிளினிக் இருக்காது. சித்திரைப் புதுவருடம், தீபாவளி ஆகியவற்றை ஒட்டிய நாட்களில் கிளினிக் நடந்தாலும் பஸ் கிடைப்பது சிரமம்.

இம்ப்ளான்ட் அட்டை, தேசிய அடையாள அட்டை, பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, வேறு நோய்களுக்கான கிளினிக் புத்தகங்கள், தற்போது எடுக்கும் மாத்திரைகள் இருந்த வெற்று உறைகள், இரத்தப்போக்கைக் குறித்த நாட்காட்டி ஆகியவற்றைக் கொண்டு போங்கள். சிங்களம் தெரியாதவர்கள் தமிழ் பேசும் ஊழியர் இருக்கிறாரா என்று கேட்கலாம். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. துணைக்கு ஆள் கூட்டிப் போவதென்றால் வயது வந்த பெண் ஒருவரைக் கூட்டிப் போங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்க வைத்தால் நீங்களும் பாதியை மறைப்பீர்கள், பிள்ளையும் பாதியை விழுங்கிவிடும்.

7. தோட்டம் மாறும்போதும் வெளிநாடு போகும்போதும்

கலியாணம், வேலை, பிள்ளைகளின் படிப்பு என்று வேறு தோட்டத்துக்கோ கொழும்புப் பக்கமோ போனால், உங்களைப் பதிவில் வைத்திருக்கும் மருத்துவ மாதுவும் மாறுகிறார். பழையவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். புதிய இடத்தில் போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள மருத்துவ மாதுவைக் கண்டு அட்டையைக் காட்டுங்கள்.

மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் புறப்படுவதற்கு முன்னர் ஒரு கணக்குப் போட வேண்டும். ஒப்பந்தம் பொதுவாக இரண்டு வருடம், பின்னர் நீட்டப்படுவதும் உண்டு. அட்டையிலுள்ள எடுக்கும் திகதி அந்தக் காலத்துக்குள் வருகிறதென்றால், போவதற்கு முன்னரே எடுத்துவிடுவதா அல்லது மாற்றிக்கொள்வதா என்று வைத்தியரிடம் பேசித் தீர்மானியுங்கள். அங்கே போன பிறகு, வீட்டுக்காரரின் அனுமதி இல்லாமல் வெளியே இறங்க முடியாத நிலையில், கையில் காலாவதியான குச்சியோடு யாரிடம் போவது? அட்டையின் மூலப் பிரதியை ஊரில் வைத்துவிட்டு, படத்தைத் தொலைபேசியில் கொண்டு போங்கள். கடவுச்சீட்டோடு மற்றக் கடதாசிகளும் வேறொருவர் கையில் போய்விடுவது நடப்பதுதான்.

8. எடுப்பது

காலம் முடிந்துதான் எடுக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளை வேண்டும் என்றாலும், உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும், வெறுமனே இனி வேண்டாம் என்று தோன்றினாலும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கச் சொல்லலாம். வைத்தியர் காரணம் கேட்பார், பக்க விளைவுக்குச் சிகிச்சை செய்து பார்க்கலாம் என்று சொல்லுவார். அது அவருடைய கடமை, கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதன் பிறகும் எடுக்க வேண்டும் என்பது உங்கள் முடிவானால், "இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதே" என்பது மறுப்பதற்கான காரணம் ஆகாது. மருத்துவ மாது மட்டத்தில் காரியம் நடக்காவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரியை நேரில் காணுங்கள். அங்கும் நடக்காவிட்டால், உங்கள் மாவட்டத்துக்குரிய பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனைக்குத் தமிழிலேயே எழுதி, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

காலம் முடிந்து எடுப்பவர்கள், அட்டையிலுள்ள திகதிக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னரே மருத்துவ மாதுவிடம் சொல்லி நாள் குறித்துக்கொள்ளுங்கள். புதிய குச்சி கையிருப்பில் இல்லாமல் போகலாம், வைத்தியர் மாற்றலாகியிருக்கலாம், மழைக்கு வீதி மூடப்படலாம். திகதி தாண்டிவிட்டது என்பதற்காக மறுநாளே உடம்புக்கு ஏதோ ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம், ஆனால் பாதுகாப்பை இனி நம்ப முடியாது. எடுக்கும் வரை ஆணுறை பயன்படுத்துங்கள். "பலன் போய்விட்டது, கிடந்துவிட்டுப் போகட்டும்" என்று விட்டுவிடவும் கூடாது. குச்சி தானாகக் கரைந்து போவதில்லை.

போவதற்கு முதல் நாள் கையைத் தடவிப் பாருங்கள். குச்சி தெளிவாகத் தட்டுப்பட்டால் கிளினிக்கிலேயே, அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்து, சில மில்லிமீற்றர் அளவு வெட்டி எடுத்துவிடுவார்கள். செருகுவதை விட இதற்கு நேரம் கூடுதலாக எடுக்கும், கொஞ்சம் இழுபறியாகவும் இருக்கும். வெட்டுவதற்கு முன்னர் நோவு தெரிகிறதா என்று சோதிப்பார்கள். தெரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டிராமல் சொல்லுங்கள். வெளியே எடுத்த குச்சிகளை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு வைத்திருந்தால் இரண்டும், உடையாமல் முழுதாக வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். துண்டு ஒன்று உள்ளே தங்கியிருந்தால், அதை எழுத்தில் குறித்து அடுத்த திகதியைத் தரச் சொல்லுங்கள்.

குச்சி தட்டுப்படவில்லை என்றால், அது ஆழமாகப் போயிருக்கலாம். இந்த நிலையில் யாராவது "வெட்டித் தேடிப் பார்ப்போம்" என்று தொடங்கினால் மறுத்துவிடுங்கள். முதலில் ஸ்கேன் செய்து இடத்தைக் கண்டுபிடித்த பிறகே கத்தி வைக்க வேண்டும். மேல்கையில் நரம்பும் இரத்தக் குழாய்களும் இருக்கின்றன. இதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தேவைப்படும். நுவரெலியா, நாவலப்பிட்டி மாவட்டப் பொது வைத்தியசாலைகள், டிக்கோயா ஆதார வைத்தியசாலை, பதுளை, பேராதனை போதனா வைத்தியசாலைகள் ஆகியவற்றில் உங்களுக்கு எது கிட்டமோ அதற்குக் கடிதம் கேளுங்கள். கடிதத்தில் குச்சியின் வகையும் செருகிய திகதியும் எழுதப்பட்டிருக்கட்டும். ஸ்கேனுக்கு ஒரு நாள், எடுப்பதற்கு இன்னொரு நாள் ஆகலாம் என்று எண்ணியே பஸ் காசையும் லீவையும் ஒழுங்கு செய்யுங்கள். அட்டை தொலைந்துவிட்டது என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். செருகிய கிளினிக்கின் ஏட்டிலிருந்து விவரம் எடுக்க முடியும். அதற்குச் செருகிய மாதமாவது நினைவிருந்தால் தேடுவது எளிது.

தொடர்ந்து குச்சி வேண்டும் என்பவர்களுக்குப் பழையதை எடுத்த அன்றே புதியதை வைக்கலாம். வேண்டாம் என்பவர்கள் கவனிக்க வேண்டியது, எடுத்த உடனேயே பாதுகாப்பும் போய்விடுகிறது என்பதுதான். கருத்தடை ஊசி போட்டு நிறுத்தியவர்களுக்குக் கரு தரிக்கச் சில மாதங்கள் ஆவதைப் பார்த்துவிட்டு, "நமக்கும் கொஞ்ச நாள் ஆகும்" என்று இருந்தால் அடுத்த மாதமே கர்ப்பமாகிவிடலாம். பிள்ளை இப்போது வேண்டாம் என்றால் அன்றைய தினமே வேறு முறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். பிள்ளை வேண்டும் என்றால், குச்சியை எடுக்கும் அன்றே மருத்துவ மாதுவிடம் போலிக் அமில மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள்.